ஜாங்-கும் சமையல்காரியா? ஒரு திருத்தமும், பார்க்க வேண்டிய சில கொரியத் தொடர்களும்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள். இதில் ஒரு திருத்தம் இருக்கிறது. நான் செய்த தப்புக்கு நானே போடும் சிவப்பு மை.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். இப்போது அவள் மகளே ஏழாவது படிக்கிறாள். "டீச்சர், 'டே ஜாங் கும்' பார்த்து முடிச்சுட்டோம். அவங்க நிஜமாவே அரண்மனைச் சமையல்கட்டுல இருந்து ராஜாவுக்கு வைத்தியரா ஆனவங்களா?" என்று. நானும் அந்தத் தொடரை இரண்டு முறை பார்த்தவள். யோசிக்காமல், "ஆமாம்மா, எல்லாம் வரலாறு, தைரியமாச் சொல்லலாம்" என்று பதில் போட்டுவிட்டேன்.

அவள் மகள் அதைப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் சொல்லிவிட்டாள். சமையல்கட்டில் கரண்டி பிடித்த பெண் ஒரு நாட்டின் வைத்திய வரலாற்றையே மாற்றினாள் என்று பேசி, இரண்டாம் பரிசும் வாங்கிவிட்டாள். பரிசோடு நிற்கும் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று தேடிப் படிக்கப்போனேன். படிக்கப் படிக்க முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்னதில் பாதிக்கு மேல் வரலாறு இல்லை.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவள் "வரலாறு" என்று சொன்னால், பிள்ளைகள் அதற்குமேல் கேட்பதில்லை. அதனால் இந்தப் பதிவு. எந்தக் கொரியத் தொடர் பார்க்கலாம் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ராஜா குதிரையிலிருந்து விழுந்த கதை

முதலில் ஒரு புத்தகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கொரியாவில் 1392 முதல் 500 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது ஜோசன் வம்சம். நாம் பார்க்கும் ராஜா காலத் தொடர்களில் பெரும்பாலானவை இந்த ஜோசன் காலத்துக் கதைகள்தான். இந்த வம்சத்தின் நாட்குறிப்பு போல ஒரு பெரும் பதிவு இருக்கிறது. அதற்குச் 'சில்லோக்' என்று பெயர். 'உண்மைப் பதிவு' என்று பொருள். 1392 முதல் 1863 வரை 472 ஆண்டுகள், 25 மன்னர்கள், 1,893 பாகங்கள். 1997இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அளவை விட, அதை எழுதிய முறைதான் எனக்குப் பிடித்தது. அரசவையில் பதிவாளர்கள் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். ராஜா யாரிடம் பேசினாலும், என்ன பேசினாலும், யார் எதிர்த்தாலும் குறித்துக்கொள்வார்கள். ராஜா உயிரோடு இருக்கும்வரை அந்தக் குறிப்புகள் தொகுக்கப்படாது. அவர் இறந்த பிறகு தனியாக ஓர் அலுவலகம் திறந்து, எல்லாக் குறிப்புகளையும் சேர்த்துத் தொகுப்பார்கள். தொகுத்து முடிந்ததும் மூலக் குறிப்புகளை ஓடை நீரில் கழுவி மையை அழித்துவிடுவார்கள். யார் எதை எழுதினார் என்று பிறகு யாரும் பழிவாங்க முடியாது. தாளும் மறுபடி பயன்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: எழுதியதை ராஜா பார்க்கக் கூடாது.

தேஜோங் என்று ஒரு மன்னர். அரியணைக்காகத் தன் தம்பிகளையே கொன்றவர். 1404இல் வேட்டைக்குப் போனபோது மானைக் குறிவைத்து அம்பு விடும் வேளையில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, இது பதிவாளருக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னாராம். பதிவாளர், ராஜா விழுந்ததையும் எழுதினார், தெரிய வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து எழுதினார். அதனால்தான் 600 ஆண்டு கழித்து நமக்கும் தெரிகிறது.

அதே ராஜாவிடம் மின் இன்-செங் என்ற பதிவாளர் இருந்தார். உள்ளே விடாவிட்டால் திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டு எழுதுவார். 1401இல் அவரை நாடு கடத்தினார்கள். வேலையில் அப்படி ஒரு பிடிவாதம்!

தேஜோங்கின் மகன் செஜோங். நல்ல மன்னர் என்று கொரியர்கள் இன்றும் கொண்டாடுகிறவர். அவருக்கும் ஆசை வந்தது. அப்பாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று 1431இல் கேட்டார். அமைச்சர்கள் மறுத்தார்கள். நீங்கள் பார்த்தால் நாளை வருகிற ராஜாக்களும் பார்ப்பார்கள், பிடிக்காததை மாற்றுவார்கள், பதிவாளர்கள் பயந்து உண்மையை எழுத மாட்டார்கள் என்றார்கள். செஜோங் விட்டுவிட்டார். ஏழு வருடம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் மறுப்புதான்.

கேட்காமல் எடுத்தவரும் ஒருவர் உண்டு. யொன்சான்குன் என்ற கொடுங்கோலன். 1498இல் பதிவாளரின் குறிப்பைக் கைப்பற்றச் செய்து, அதில் தன் முன்னோரைப் பழித்திருக்கிறது என்று சொல்லிக் கிம் இல்-சொன் என்ற பதிவாளரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் கொன்றான். 1506இல் அவனை அரியணையிலிருந்து இறக்கி, அவன் தம்பி ஜுங்ஜோங்கை உட்கார வைத்தார்கள். இந்த ஜுங்ஜோங் பெயரை நினைவில் வையுங்கள். நம் ஜாங்-கும் வைத்தியம் பார்த்தது இவருக்குத்தான்.

டே ஜாங் கும்: சில வரிகளிலிருந்து 54 பகுதிகள்

2003இல் தொடங்கி 2004இல் முடிந்த தொடர். எம்பிசி தொலைக்காட்சி. 54 பகுதிகள். இயக்கம் லீ பியோங்-ஹூன், எழுத்து கிம் யங்-ஹியுன், நாயகி லீ யங்-ஏ. ஒளிபரப்பான காலத்தில் கொரியாவில் பாதி வீடுகள் இதைப் பார்த்திருக்கின்றன. இலங்கையில் சிங்களக் குரல் கொடுத்து 'சுஜாதா தியணி' என்ற பெயரில் ஓடியது. நம் வீடுகளிலும் பலர் முதலில் பார்த்த கொரியத் தொடர் இதுதான்.

சில்லோக்கில் ஜாங்-கும் என்ற பெயர் சில இடங்களில் மட்டும் வருகிறது. எல்லாம் சேர்த்தால் உங்கள் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் தேறும்.

1515இல் ஜுங்ஜோங்கின் ராணி ஓர் ஆண் குழந்தையைப் பெற்று, சில நாளிலேயே இறந்துபோகிறாள். பிரசவத்தில் இருந்த வைத்தியர்களைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் விடாமல் கேட்கிறார்கள். ஜாங்-கும் பெயரும் அதில் வருகிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததற்கு அவளுக்குப் பெரிய பரிசே கொடுத்திருக்க வேண்டும், துக்கத்தில் கொடுக்க முடியவில்லை, அப்படியிருக்க அடிக்கவா சொல்கிறீர்கள் என்ற பொருளில் ராஜா மறுக்கிறார். 1522இல் ராஜாவின் தாயாருக்குக் குணமானபோது அவளுக்கு அரிசியும் பயறும் பரிசு. 1524இல் 'டே ஜாங் கும்' என்று பெயர் வருகிறது. 'டே' என்றால் பெரிய. மற்ற வைத்தியப் பெண்களைவிட இவள் தேர்ந்தவள், முழுச் சம்பளம் கொடுத்து அரண்மனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ராஜா உத்தரவிடுகிறார். 1544இல் ராஜா நோயில் படுத்திருக்கும்போது நலம் விசாரிக்க வந்தவர்களிடம், என் உடம்பு வைத்தியப் பெண்ணுக்குத் தெரியும் என்கிறார். அந்த ஆண்டே இறந்தும் போகிறார். அதோடு ஜாங்-கும் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

அவ்வளவுதான். எந்த ஊர், யார் பெற்றோர், எப்போது பிறந்தாள், எப்போது இறந்தாள், ஒன்றும் இல்லை. சமையல்கட்டு இல்லை. தாய் கொல்லப்பட்ட கதை இல்லை. சமையல் போட்டி இல்லை. அரண்மனையின் பெரிய சமையல்களைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண் சமையல்காரர்கள். நாம் கண் கலங்கிப் பார்த்த அந்த முதல் பாதி முழுக்க எழுத்தாளரின் கற்பனை.

அப்படியானால் தொடர் வீணா? இல்லை. உண்மையில் இருந்ததுதான் என்னை இன்னும் அதிகமாக அசைத்தது. கொரியாவில் 'உய்னியோ' என்று சொல்லும் வைத்தியப் பெண்கள் முறை 1406இல் தொடங்கியது. ஆண் வைத்தியர் தொடுவதற்கு வெட்கப்பட்டுப் பெண்கள் வைத்தியமே பார்க்காமல் செத்துப்போகிறார்கள் என்பதால், அரசு அடிமைகளின் வீட்டுப் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து நாடி பார்க்கவும் ஊசி குத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். படித்தாலும் சாதியில் அவர்கள் கடைசிதான். யொன்சான்குன் காலத்தில் இந்தப் பெண்களை விருந்தில் ஆடவும் ஊற்றிக்கொடுக்கவும் நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த ஒருத்தியை, அதிகாரிகள் தண்டிக்கச் சொல்லியும் கேட்காமல், ஒரு ராஜா ஏறக்குறைய 30 ஆண்டுகள் நம்பியிருக்கிறார். ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் வேலை, ராஜாக்களின் புத்தகத்தில் இடம்பிடித்திருக்கிறது. இதற்குச் சமையல் போட்டியே தேவையில்லை.

எனவே என் திருத்தம்: ஜாங்-கும் இருந்தாள், வைத்தியம் பார்த்தாள், ராஜா நம்பினார். இது வரலாறு. மற்றது கதை. நல்ல கதை, ஆனால் கதை.

எழுத்துக்காக ஒரு சண்டை

எழுத்துச் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவள் என்பதால் எனக்கு மிகப் பிடித்த தொடர் 'ட்ரீ வித் டீப் ரூட்ஸ்'. ஆழமாக வேர்விட்ட மரம் என்று பொருள். எஸ்பிஎஸ் தொலைக்காட்சி, 2011, 24 பகுதிகள். செஜோங்காக ஹான் சுக்-க்யு நடித்திருக்கிறார். ராஜா என்றால் கம்பீரமாகத்தான் பேசுவார் என்றில்லாமல், கோபம் வந்தால் கெட்ட வார்த்தை பேசுகிற, தூங்காமல் உழைக்கிற மனிதராகக் காட்டியிருக்கிறார்கள்.

கதை: கொரிய எழுத்தான ஹங்குலை ராஜா இரகசியமாக உருவாக்குகிறார். வெளியிடுவதற்குச் சில நாள் முன்னால் அவரிடம் வேலை செய்த அறிஞர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். எழுத்தைத் தடுக்க நினைக்கும் ஓர் இரகசியக் கூட்டம் பின்னால் இருக்கிறது. இந்தக் கொலைகளும் கூட்டமும் கற்பனை. எதிர்ப்பு கற்பனை இல்லை.

ஹங்குல் 1443 முடிவில் உருவானது, 1446இல் மக்களுக்கு வெளியானது. அப்போது 28 எழுத்துகள். நடுவில் 1444இல் சோ மன்-ரி என்ற பெரிய அறிஞரும் வேறு சிலரும் ராஜாவுக்கு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியர், ஜுர்ச்சென், ஜப்பானியர் போன்ற நாகரிகமில்லாதவர்கள் செய்கிற காரியம், நாமும் அப்படி ஆவதா என்பது அவர்கள் வாதம். ராஜா கோபப்பட்டு அவர்களைச் சிறையில் வைத்தார். எத்தனை நாள் தெரியுமா? ஒரே ஒரு நாள். மறுநாள் விட்டுவிட்டார். தொடரில் ஓடுகிற இரத்தத்தைவிட இந்த ஒரு நாள் சிறை எனக்கு அதிகம் சொல்கிறது. எழுத்தறிவு யாருக்கு என்ற கேள்வியில், எதிர்த்தவர்களை அவர் கொல்லவில்லை. வாதாடினார்.

எழுத்துகளின் வடிவத்தைப் பாருங்கள். 'ம' ஒலிக்கு ஒரு சதுரம், மூடிய வாயைப் போல. 'ந' ஒலிக்கு, நாக்கின் நுனி மேலே போய்த் தொடுகிற வளைவு. 'க' ஒலிக்கு, நாக்கின் அடி தொண்டையை அடைக்கிற வளைவு. தொல்காப்பியப் பிறப்பியலில் எழுத்து எங்கே பிறக்கிறது என்று படித்தோமே, அந்த இடத்தையே வரைந்து எழுத்தாக்கியது போல.

இது வெறும் ஊகமில்லை என்பதற்குச் சான்று கிடைத்ததே ஒரு கதை. இந்த வடிவங்களை விளக்கும் மூல நூல் நீண்ட காலம் கைக்குக் கிடைக்காமலே போயிற்று. சன்னல் சட்டத்தைப் பார்த்துத்தான் ராஜா எழுத்தை அமைத்தார் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1940இல் ஒரு பிரதி கிடைத்தது. ஜப்பானிய ஆட்சி கொரிய மொழியைப் பள்ளிக்கூடங்களிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஜொன் ஹியோங்-பில் என்ற செல்வந்தர் அதை வாங்கி, வெளியே தெரியாமல் பாதுகாத்தார். அவர் அன்று வாங்காமல் போயிருந்தால், செஜோங் என்ன நினைத்து அந்தக் கோடுகளைப் போட்டார் என்பதற்கு நமக்குச் சாட்சி இருந்திருக்காது.

பேய் வரலாம், பெயரைக் கெடுக்கக் கூடாது

2021 மார்ச்சில் 'ஜோசன் எக்சார்சிஸ்ட்' என்று ஒரு தொடர் தொடங்கியது. இரண்டே பகுதிகள் ஒளிபரப்பாயின. அதோடு நிறுத்திவிட்டார்கள். பெரிய செலவில் எடுத்த தொடர். குதிரையிலிருந்து விழுந்த அதே தேஜோங், பிரமை பிடித்து அப்பாவிக் குடிமக்களை வெட்டுவதாகக் காட்டினார்கள். பிற்காலத்தில் செஜோங் ஆகப்போகும் இளவரசர் வெளிநாட்டுப் பாதிரியாருக்கு விருந்து வைக்கும் காட்சியில், மேசை மேல் சீனப் பலகாரங்கள், சீனப் பாத்திரங்கள். மக்கள் கொதித்துவிட்டார்கள். விளம்பரம் கொடுத்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. தொலைக்காட்சி நிலையம் மன்னிப்புக் கேட்டுத் தொடரைக் கைவிட்டது.

ஒரு பலகாரத்துக்கா இவ்வளவு என்று என் மருமகன் சிரித்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே ஜோசன் காலத்தில், பிணங்கள் எழுந்து நடக்கும் 'கிங்டம்' என்ற தொடர் 2019இல் வந்தபோது யாரும் வரலாற்றைக் கெடுத்தார்கள் என்று சொல்லவில்லை. ஏன்? அதில் வரும் ராஜாவும் இளவரசரும் கற்பனை மனிதர்கள். இது கதை என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பசியும் பதவி ஆசையும் மட்டும் நிஜம். இதிலோ உண்மையாக வாழ்ந்த மனிதரின் பெயரை எடுத்துக்கொண்டு, அவர் செய்யாததை அவர் தலையில் வைத்தார்கள். தேஜோங் செய்த கொலைகள் ஏட்டில் இருக்கின்றன. அதைக் காட்டட்டும். செய்யாத கொலையைச் சேர்க்க வேண்டியதில்லை.

என்றாலும், ஒரு தொடரை முழுக்க நிறுத்திவிடுவது எனக்கு முழுச் சம்மதமான தீர்ப்பு இல்லை. திருத்திக் காட்டச் சொல்லலாம். தப்பாக எழுதிய பிள்ளையின் நோட்டைக் கிழித்துப்போட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை எழுதவே பயப்படும்.

ராஜா எழுதிவைத்தார், அவள் எழுதவில்லை

காதல் தொடர் வேண்டும் என்று கேட்கும் சித்தி, அத்தைமார்களுக்கு 'தி ரெட் ஸ்லீவ்'. 2021இல் தொடங்கி 2022 புத்தாண்டில் முடிந்தது. 17 பகுதிகள்தான். லீ ஜுன்-ஹோவும் லீ செ-யங்கும் நடித்தது. ஜொங்ஜோ என்ற மன்னருக்கும் சொங் குடும்பத்து அரண்மனைப் பணிப்பெண்ணுக்கும் நடந்த கதை.

ஜொங்ஜோவின் சிறுவயது கொடுமையானது. அவருக்குப் பத்து வயதுகூட நிறையாதபோது, 1762இல், அவருடைய தாத்தாவான ராஜா, அவருடைய அப்பாவை ஓர் அரிசிப் பெட்டிக்குள் அடைத்தார். எட்டு நாளில் அப்பா உள்ளேயே இறந்தார். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து 1776இல் ராஜா ஆனது.

அவர் விரும்பிய பெண் இரண்டு முறை அவரை மறுத்தாள். முதல் முறை, ராணிக்கே இன்னும் குழந்தை இல்லாதபோது நான் எப்படி என்று அழுதாள். பதினைந்து வருடம் கழித்துக் கேட்டபோதும் மறுத்தாள். அவளுடைய வேலையாளைத் தண்டித்த பிறகுதான் இசைந்தாள். ஒரு மகன் பிறந்தான். 1786இல் மகனும் இறந்தான், அதே ஆண்டு அவளும் இறந்தாள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவளுடைய கல்லறைக்காக ராஜாவே தன் கைப்பட எழுதிய நினைவுரையில் இருக்கிறது. தான் மறுக்கப்பட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆனால் அவள் மனதில் என்ன இருந்தது? அவள் ஒரு வரிகூட நமக்கு விட்டுப்போகவில்லை. ராஜாவின் குரல் மட்டும்தான் நமக்குக் கேட்கிறது. இந்தத் தொடர் அந்த வெற்றிடத்தை எடுத்துக்கொண்டு, நீ என்னைக் காதலித்தாயா என்ற கேள்விக்குக் கடைசிவரை அவள் வாயால் நேரான பதில் வராமலே வைத்திருக்கிறது. கற்பனை செய்தால் இப்படிச் செய்ய வேண்டும். ஏடு சொன்னதை மாற்றவில்லை. ஏடு சொல்லாத இடத்தில்தான் கதை நடக்கிறது.

பெயர் தெரியாதவர்கள்

கடைசியாக 'மிஸ்டர் சன்ஷைன்'. டிவிஎன், 2018, 24 பகுதிகள். எழுத்து கிம் யுன்-சூக். இது ராஜாக்களின் கதை இல்லை. நாடு கைநழுவிப் போகிற கதை.

1871இல் அமெரிக்கக் கப்பல்கள் கங்வா தீவுக்கு வந்து கோட்டைகளைத் தாக்குகின்றன. தொடர் இதிலிருந்து தொடங்குகிறது. இது நடந்தது. அமெரிக்கர் பக்கம் இறந்தவர்கள் 3 பேர், கொரியர் பக்கம் 200க்கும் மேல். தளபதி ஓ ஜே-யொன் கோட்டையிலேயே இறந்தார். அவருடைய கொடியை அமெரிக்கர்கள் எடுத்துப்போய்த் தங்கள் கடற்படைக் கல்லூரியில் வைத்தார்கள். 2007இல்தான் அது கொரியா திரும்பியது. அதுவும் இரவலாக!

கதாநாயகன் ஓர் அடிமையின் மகன். தப்பி அமெரிக்கா போய், அமெரிக்கப் படை அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அவன் கற்பனைதான். கொரியாவில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1894இல். அதுவரை அவனைப் போன்ற பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்தக் காலத்துக்கு வரும்போது நம் பழைய துணை கைவிட்டுவிடுகிறது. 1863க்குப் பிறகு ஆண்ட கடைசி இரண்டு மன்னர்களின் பதிவேடுகளும் ஜப்பானிய ஆட்சியின் கீழ் தொகுக்கப்பட்டவை. அதனால் அவற்றை மற்ற 25 மன்னர்களின் ஏடுகளோடு சேர்த்து எண்ணுவதில்லை. ராஜாவே பார்க்கக் கூடாது என்று காத்த ஏட்டைக் கடைசியில் நாட்டைப் பிடித்தவர்களே எழுதினார்கள்.

பிறகு யார் சாட்சி? 1907இல் ஜப்பானியர் கொரியப் படையைக் கலைத்ததும், கலைக்கப்பட்ட சிப்பாய்களும் உழவர்களும் கையில் கிடைத்த துப்பாக்கியோடு மலைக்குப் போனார்கள். 'நீதிப்படை' என்று அவர்களுக்குப் பெயர். மெக்கென்சி என்ற கனடா நாட்டுப் பத்திரிகையாளர் தேடிப்போய் அவர்களைச் சந்தித்துப் படம் எடுத்தார். கொரியப் பாடநூல்களில் இன்றும் வரும் படம். வரிசையாக நிற்கிறார்கள், சிலர் சின்னப் பையன்கள். ஒருவர் பெயரும் தெரியாது. 'மிஸ்டர் சன்ஷைன்' அந்தப் படத்தை அப்படியே மறுபடி நிறுத்திக் காட்டுகிறது. நாம் 24 பகுதிகளில் பெயரோடு பழகிய மனிதர்கள் அந்தப் பெயரில்லாத வரிசையில் நிற்பார்கள். நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மூலப் படத்தைத் தேடிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

இதே தொடரில் ஜப்பானியக் கூலிப்படையில் சேர்ந்த ஒருவனை அனுதாபத்தோடு காட்டியதாகக் கண்டனம் வந்தது. தயாரிப்பாளர்கள் அந்த அமைப்பின் உண்மைப் பெயரை எடுத்துவிட்டுக் கற்பனைப் பெயர் வைத்தார்கள். நான் மேலே சொன்ன திருத்தம் இதுதான். தப்பை ஒத்துக்கொண்டு, மாற்றிக்கொண்டு, தொடர்ந்து நடத்தினார்கள்.

முடிவாக

எது பார்க்கத் தகுந்த தொடர் என்று கேட்டால் என் அளவுகோல் இதுதான். பார்த்து முடித்த பிறகு "நிஜத்தில் என்ன நடந்தது?" என்று உங்களைத் தேடவைத்தால் அது நல்ல தொடர். தேடிப் பார்த்தபோது அது உங்களை ஏமாற்றவில்லை என்று தெரிந்தால் இன்னும் நல்ல தொடர். சில்லோக் முழுவதும் இன்று கொரிய மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ராஜாவே பார்க்க முடியாததை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் குழந்தையோடு போனில் பேசினேன். நான் சொன்னது தப்பு என்று சொல்லி, ஏட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "அப்ப பிரைஸத் திருப்பிக் குடுத்துடணுமா பாட்டி?"

வேண்டாம், நீ பேசிய பேச்சுக்குக் கிடைத்தது அது, தப்பு என்னுடையது என்றேன். "ஆனா உங்க வரலாறு டீச்சர்கிட்ட மட்டும் சரியானதைச் சொல்லிடு" என்றேன். சொல்லியிருக்கிறாள். அந்த ஆசிரியை அதை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லச் சொன்னாராம். பாட்டி தப்பாச் சொல்லிட்டாங்க என்பதையும் சேர்த்தே சொன்னதாகக் குழந்தை பெருமையாகச் சொன்னாள்.

குதிரையிலிருந்து விழுந்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் விட்டிருக்க மாட்டாள்.

இதில் தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்